யவனர் கண்ட தீர்ப்பும் திரௌபதை கேட்ட வினாவும்



புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையிலே, சிலாபத்துக்கு வடக்கே, உடப்பு என்னும் ஊர் உளது. கரைவலைத் தொழிலுக்கும், வலையிழுக்கையிலே பாடப்பெறும் அம்பாப் பாடல்களுக்கும் பேர்போன தமிழூர் அது. அவ்வூரார் போற்றி வழிபடும் தெய்வங்களுள் தலையாயவள் திரௌபதை அம்மன். ஆண்டுதோறும் ஆடி மாதத்திலே அம்மன் கோயிலில் நிகழும் தீமிதிப்பைக் காண அயலூர்களிலிருந்தும் மக்கள் திரள்வர்.

பண்டைக் கிரேக்கரின் அரசியற் சிந்தனையிலே தீர்ப்பும் முடிவெடுத்தலும் எவ்வாறு ஆராயப்பட்டன என்பதே இன்றைய பேச்சின் பொருள். அதற்கும் உடப்புக்கும் யாது தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு அம்மனின் கதையிலேயே அமைந்திருக்கின்றது. சூதாட்டத்திலே தருமன் முதலில் நாட்டை இழந்தான், பின்னர்த் தம்பியரை இழந்தான், தன்னையும் இழந்தான், இறுதியிலே மனைவியைப் பணயமாக வைத்து அவளையும் இழந்தான். திரௌபதையை அழைத்துவர ஏவலாள் சென்றபோது, அவள் அழவில்லை. ஒரு வினாவைக் கேட்டனுப்பினாள். தம்மை முன்னர் இழந்தாரா, என்னை முன்னர் இழந்தாரா என்பதே அவ்வினா. தன்னை இழந்து அடிமையாகிவிட்டவனுக்கு வேறொருவரைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்பது அதன் உட்பொருள். இஃது இரக்கத்தை வேண்டும் குரலன்று. சபையின் தீர்ப்பை வேண்டும் குரல்.

அந்தச் சபை அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. அது ஏன் சொல்லவில்லை? நல்ல தீர்ப்பு எங்கிருந்து பிறக்கின்றது? கற்றோரிடமிருந்தா, பலர் கூடிய கூட்டத்திடமிருந்தா, காலந்தாழ்த்தி ஆராய்வதிலிருந்தா? இவ்வினாக்களையே கிரேக்கரும் தம் நகரச் சபைகளிலே எதிர்நோக்கினர். இந்த மாவட்டத்துக்குக் கிரேக்கர் முற்றிலும் அந்நியருமல்லர். கற்பிட்டியிலே 1807இல் பிறந்து, சிலாபத்திலே நீதிபதியாகவும் கடமையாற்றிய சைமன் காசிச்செட்டி அவர்கள், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் வெளியிட்ட நூலுக்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கின் பெயரையே சூட்டி, ‘தமிழ் புளூட்டார்க்’ என்று வழங்கினார்.

முதலிலே சொல்லைக் கவனிப்போம். தீர்ப்பைக் குறிக்கக் கிரேக்கர் வழங்கிய சொல் ‘கிரிசிஸ்’ என்பது. பிரித்தெடுத்தல் என்பது அதன் அடிப்பொருள். தமிழிலே ‘தெரிதல்’, ‘தேர்தல்’ என்னும் சொற்களும் இத்தகையனவே. ஆராய்தலும், பலவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்தலும், தெளிதலும் இச்சொற்களில் ஒருங்கே அடங்கியுள்ளன. இன்று வாக்களித்தலுக்குத் தேர்தல் என்று பெயர் வைத்திருக்கின்றோம். அச்சொல்லில் ஆராய்ச்சியும் அடங்கியிருப்பதை நினைவிற் கொள்வது நலம்.

கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளிலே அதென்ஸ் நகரத்தார் இப்பிரித்தெடுக்கும் வேலையைக் குடிமக்களிடமே ஒப்படைத்தனர். ஆண்டுதோறும் முப்பது வயது கடந்த 6000 குடிகள் திருவுளச் சீட்டினால் நடுவராகத் தெரியப்பட்டனர். தனியார் வழக்குக்கு 201 பேரும், பொது வழக்குக்கு 501 பேரும் அமர்வது வழக்கம். சட்டம் பயின்ற நீதிபதி என்று ஒருவர் அங்கு இல்லை. வாதிக்கும் பிரதிவாதிக்கும் பேசும் நேரம் நீர்க்கடிகாரத்தால் அளக்கப்பட்டது. நடுவர்கள் இரகசியமாக வாக்கிட்டனர். ஒரு நாட் கூலியை இழந்து வருகின்ற ஏழையும் நடுவராக அமர வேண்டும் என்பதற்காக, பெரிக்கிளீஸ் காலத்திலே அவர்களுக்குப் படி வழங்கும் முறையும் வந்தது. முதலில் இரண்டு ஓபல் நாணயம்; பின்னர் மூன்று.

சீட்டுமுறை தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஓலையிலே பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஆயின் அங்கு நிலமும் வீடும் கல்வியும் உடையோரின் பெயர்களே குடத்துள் இடப்பட்டன. அதென்ஸிலோ, கப்பலில் துடுப்பு வலிப்பவனின் பெயரும் நடுவர் பட்டியலிலே இடம்பெறலாம்.

துடுப்பு வலிப்பவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி உண்டா? இங்கேதான் கிரேக்கச் சிந்தனை இரண்டாகப் பிரிகின்றது.

தகுதியில்லை என்றவர் பிளேட்டோ. தம் ஆசிரியர் சோக்கிரட்டீஸுக்குக் கி.மு. 399இல் அதென்ஸ் நடுவர் கூட்டம் மரணதண்டனை விதித்ததைக் கண்டவர் அவர். ‘குடியரசு’ என்னும் நூலிலே ஒரு கப்பலை உவமையாக எடுக்கின்றார். மாலுமிகள் ஒவ்வொருவரும் தாமே கப்பலைச் செலுத்த வேண்டுமென்று சச்சரவிடுகின்றனர். விண்மீனையும் காற்றையும் பருவத்தையும் கற்றறிந்த மீகாமனை வீணன் என்று இகழ்கின்றனர். நாட்டின் நிலையும் இதுவே என்பது பிளேட்டோவின் கருத்து. கடலிற் போய்ப் பழகிய எவரும் இவ்வுவமையின் வலிமையை மறுக்கமாட்டார்.

பிளேட்டோவின் மாணவராகிய அரிஸ்டாட்டில் அக்கப்பலின் சுக்கானைக் கொண்டே விடையளிக்கின்றார். சுக்கானைச் செய்பவன் தச்சன். ஆயின் அது நல்ல சுக்கானா என்று நன்கறிபவன் அதைப் பிடித்துச் செலுத்தும் மீகாமனே. வீட்டைக் கட்டியவனைவிட அதிலே குடியிருப்பவனே அதன் குறையை அறிவான். விருந்தைச் சமைத்தவனைவிட உண்பவனே அதன் சுவையை உரைக்கத் தக்கவன். ஆதலின் ஒரு பொருளைச் செய்யும் அறிவு வேறு. அதனைப் பயன்படுத்திப் பெறும் அறிவு வேறு. இரண்டாவது அறிவு பலரிடம் சிதறிக் கிடக்கின்றது. பலர் கொண்டுவந்து சேர்த்த விருந்து ஒருவன் செலவில் ஆக்கிய விருந்தைவிடச் சிறப்பது போல, பலர் கூடி ஆராயும் தீர்ப்பும் சிறக்கக்கூடும் என்கின்றார் அவர். ‘அரசியல்’ என்ற தம் நூலின் மூன்றாம் பகுதியிலே, குடிமகன் யார் என்ற வினாவுக்கு, தீர்ப்பிலும் ஆட்சியிலும் பங்கு கொள்பவனே குடிமகன் என்று இலக்கணம் வகுப்பவரும் அவரே.

இக்கருத்தை நம் கரையோரத்திலே வைத்துப் பார்ப்போம். மனிதர் கூடி இழுத்த கரைவலையை இயந்திரத்தைக் கொண்டு இழுக்கலாமா என்ற வினா அண்மைக் காலத்திலே இலங்கைக் கரைகளில் எழுந்ததுண்டு. கடலடியின் நிலையையும் மீன்வளத்தையும் ஆராய்ந்தவருக்கு ஒரு பகுதி தெரியும். வலைக்கும் தோணிக்கும் முதலிட்ட சம்மாட்டிக்கு வேறொரு பகுதி தெரியும். கயிறு பிடித்து இழுத்து, கிடைத்த பங்கிலே குடும்பத்தைக் காப்பாற்றுபவனுக்கு இன்னொரு பகுதி தெரியும். இவருள் எவரை விலக்கினாலும் தீர்ப்பு அவ்வளவுக்குக் குருடாகிவிடும். அரிஸ்டாட்டில் கூறும் விருந்தின் பொருள் இதுவே.

எனினும் பலர் கூடினால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குச் சான்று அதென்ஸின் வரலாற்றிலேயே உண்டு. இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவேன். இரண்டும் கடலோடு சேர்ந்தவை.

கி.மு. 427. லெஸ்போஸ் தீவிலுள்ள மித்திலினி நகரம் அதென்ஸின் கூட்டணியிலிருந்து விலகிக் கிளர்ச்சி செய்து, முற்றுகைக்குப் பின் பணிந்தது. அதென்ஸ் மக்கள் சபை சினங்கொண்டது. அந்நகரின் வளர்ந்த ஆண்கள் அனைவரையும் கொல்லுவது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று முடிவு செய்தது. அன்றே கட்டளையுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. மறுநாள் விடிந்ததும் மக்கள் மனத்திலே உறுத்தல் உண்டாயிற்று. ஒரு நகரத்தார் அனைவரையும், குற்றவாளி, குற்றமற்றவன் என்ற வேறுபாடின்றி அழிப்பதா? சபை மீண்டும் கூடியது.

கிளியோன் என்பவன் முதல் முடிவையே நிலைநிறுத்த வேண்டுமென்றான். முடிவை மாற்றுவது பலவீனம் என்பது அவன் வாதம். டியோடோட்டஸ் என்பவன் எதிர்த்து எழுந்தான். நல்ல ஆலோசனைக்குப் பெரும்பகையாக இருப்பவை இரண்டு: ஒன்று அவசரம், மற்றொன்று சினம். இதுவே அவன் எடுத்த எடுப்பிற் கூறிய கருத்து என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகின்றார். கைகளை உயர்த்தி வாக்களித்தபோது, மிகச் சிறிய வேறுபாட்டிலே டியோடோட்டஸின் பக்கம் வென்றது.

முதற் கப்பலோ ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முந்திவிட்டது. இரண்டாம் கப்பலை விரைந்து செலுத்தினர். மாலுமிகள் திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவை உண்டுகொண்டே துடுப்பு வலித்தனர், முறைவைத்து உறங்கினர். எதிர்க்காற்று வீசவில்லை. முதற் கப்பலில் இருந்தோரும் கொடிய செய்தியைச் சுமந்து சென்றமையால் விரையவில்லை. தளபதி கட்டளையைப் படித்து, நிறைவேற்றத் தொடங்கும் வேளையிலே இரண்டாம் கப்பல் துறையை அடைந்தது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியோர் பின்னர்க் கொல்லப்பட்டனர், நிலமும் பறிக்கப்பட்டது. அக்கொடுமையை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒரு நகரம் உயிர் பிழைத்தது. தன் தீர்ப்பைத் தானே மறுபடி ஆராயத் துணிந்த சபையினால் அது பிழைத்தது.

இரண்டாம் நிகழ்ச்சி கி.மு. 406இல் நிகழ்ந்தது. ஆர்கினூசே என்னும் தீவுகளின் அருகே அதென்ஸ் கடற்படை ஸ்பார்ட்டாவின் படையை வென்றது. ஆயின் உடைந்தும் தத்தளித்தும் கிடந்த தங்கள் கப்பல்களிலிருந்தவர்களை மீட்க இயலாதபடி புயல் எழுந்தது. இழந்த கப்பல்கள் இருபத்தைந்து. கடல் கொண்ட மைந்தருக்காக ஊர் முழுவதும் அழுதது. கடலோர ஊர்களில் வாழும் நம்மவர்க்கு அத்துயரத்தை விளக்க வேண்டுவதில்லை. துயரம் விரைவிலே சினமாயிற்று. போரில் தலைமை தாங்கிய தளபதிகள் எண்மருள் இருவர் நாடு திரும்பவில்லை. திரும்பிய அறுவரும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டனர். மாவுத் தொட்டி ஒன்றைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியதாகச் சொன்ன ஒருவன் சபையிலே தோன்றி, மூழ்கியவர்கள் தளபதிகளைக் குற்றஞ்சாட்டச் சொல்லி இறந்தார்கள் என்றான். கூட்டம் கொதித்தது.

ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பதே சட்டம். அறுவருக்கும் ஒரே வாக்கினால் முடிவு கட்டவேண்டும் என்றது கூட்டம். சட்டத்தைச் சுட்டிக்காட்டியோரிடம், மக்கள் விரும்பியதைச் செய்யவிடாது தடுப்பதா என்று ஆரவாரித்தது. சபையை நடத்தும் பொறுப்பிலிருந்தோர் அச்சத்தால் இணங்கினர். இணங்காது நின்றவர் ஒருவரே, அவர் சோக்கிரட்டீஸ். அறுவரும் கொல்லப்பட்டனர். பின்னர் அதென்ஸ் மக்கள் வருந்தினர். தம்மை ஏமாற்றியோர் மீது வழக்குத் தொடுக்கவும் தீர்மானித்தனர். ஆனால் இம்முறை இரண்டாம் கப்பல் எதுவும் புறப்படுவதற்கு இடமில்லை. கொல்லப்பட்டவரை எந்தக் கப்பல் மீட்கும்?

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கூடியது அதே நகரத்தின் சபை. வேறுபாடு எங்கே? முன்னதில் எதிர்க்குரல் கேட்கப்பட்டது, பின்னதில் அடக்கப்பட்டது. முன்னதில் குற்றவாளியையும் குற்றமற்றவனையும் பிரித்துப் பார்க்கும் எண்ணம் தோன்றியது; பின்னதில் அறுவரும் ஒரே கயிற்றிலே கட்டப்பட்டனர். பிரித்துப் பாராதது தீர்ப்பாகாது என்பதைத் தீர்ப்பு என்னும் அக்கிரேக்கச் சொல்லே உணர்த்துகின்றதன்றோ?

ஆதலாலே அரிஸ்டாட்டில், தீர்ப்புச் சொல்பவரிடம் ஒரு தனிப் பண்பை வேண்டினார். கிரேக்கத்திலே அதற்கு ‘புரோனேசிஸ்’ என்று பெயர். நாம் அதனை நடைமுறை அறிவு எனலாம். அது கணித அறிவு போன்றதன்று. இளைஞர் கணிதத்திலே வல்லவராகலாம். நடைமுறை அறிவோ பட்டறிவினால் முதிர்வது. மாற்ற முடியாதவற்றைப்பற்றி எவரும் ஆலோசிப்பதில்லை. மழை பெய்யுமா, பெய்யாதா என்பதைச் சபை கூடித் தீர்மானிக்க முடியாது. பெய்யாவிடில் என் செய்வது என்பதையே தீர்மானிக்கலாம். எதனை, எப்பொழுது, எவ்வளவு, யாரைக்கொண்டு செய்வது என்பனவே ஆலோசனைக்குரியன. தமிழ் நேயர்க்கு இது புதிதாகத் தோன்றாது. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று திருவள்ளுவர் அடுத்தடுத்து அதிகாரங்களை அமைத்ததும் இவ்வறிவை உணர்த்துதற்கேயாம்.

இன்னுமொன்று. லெஸ்போஸ் தீவிலே கட்டட வேலைக்காரர் ஈயத்தாலான அளவுகோலைப் பயன்படுத்தினர். அது கல்லின் வளைவுக்கேற்ப வளைந்து அளக்கும். எழுதிய சட்டம் எல்லா நிலைமைகளையும் முன்னறிந்து எழுதப்பட முடியாது. ஆதலின் நீதிமான் அந்த ஈயக்கோலைப் போல, நிகழ்ச்சியின் உண்மை வடிவத்துக்கு ஏற்பச் சட்டத்தைப் பொருத்த வேண்டும் என்கின்றார் அரிஸ்டாட்டில். கிரேக்க மொழியிலே தீர்ப்பறிவுக்குரிய ஒரு சொல் ‘நோமே’ என்று ஒலிப்பது. மன்னித்தலைக் குறிக்கும் ‘சிங்நோமே’ அதிலிருந்தே பிறந்தது. மற்றவனோடு சேர்ந்து நின்று பார்ப்பது என்பது அதன் கருத்து.

இத்துணை நுட்பமாக ஆராய்ந்த கிரேக்கரிடம் பெருங்குறை ஒன்றும் இருந்தது. அதென்ஸ் சபையிலே பெண்களுக்கு இடமில்லை. அடிமைகளுக்கு இடமில்லை. பிற ஊரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடமில்லை. அரிஸ்டாட்டில் தாமே, அடிமைக்கு ஆலோசிக்கும் ஆற்றலே இல்லை என்றும், பெண்ணுக்கு அவ்வாற்றல் இருந்தும் அதற்கு அதிகாரம் இல்லை என்றும் எழுதினார். விருந்தை உண்பவனே அதன் சுவையை அறிவான் என்று உரைத்தவர், கசப்பான பகுதியையே உண்ண நேர்ந்தவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்.

இப்பொழுது உடப்பின் அம்மனிடம் திரும்புவோம். அத்தினபுரத்துச் சபையிலே எது குறைவாக இருந்தது? பிளேட்டோ வேண்டிய அறிவு அங்கு இருந்தது. வீடுமர் அறியாத தருமநூல் இல்லை. அரிஸ்டாட்டில் வேண்டிய பன்மை இருந்தது. மன்னர் பலர் கூடியிருந்தனர். பட்டறிவில் முதிர்ந்த துரோணரும் கிருபரும் இருந்தனர். இவ்வளவும் இருந்தும் தீர்ப்பு மட்டும் பிறக்கவில்லை. தருமத்தின் வழி நுண்ணியது, என்னால் உறுதி கூற இயலவில்லை என்று வீடுமர் விலகிக்கொண்டார். சபையிலே எழுந்த வினாவுக்கு விடை கூறாதிருப்போரும் பாவத்திலே பங்கு கொள்வர் என்று விதுரன் எச்சரித்தான். துரியோதனனின் தம்பியருள் ஒருவனாகிய விகர்ணன் மட்டும் எழுந்து, அவள் வெல்லப்படவில்லை என்று துணிந்து சொன்னான். கன்னன் அவனைச் சிறுபிள்ளை என்று அடக்கினான். முதியோரிடம் இல்லாத ஒன்று அந்த இளைஞனிடம் இருந்தது. கண்டதைச் சொல்லும் துணிவு.

அங்கே வினாவை எழுப்பியவள் யார் என்பதையும் எண்ணுதல் வேண்டும். அவள் ஒரு பெண். அடிமை என்று அப்பொழுதுதான் சொல்லப்பட்டவள். அதென்ஸிலாயின் அவள் வாய்திறக்க இடமே இருந்திராது. நம் இதிகாசத்திலோ, இடமில்லாத அவளே சபையிலிருந்த அனைவரினும் தெளிவாகச் சட்டத்தின் முடிச்சைக் கண்டாள். தீர்ப்பின் சுமை யார்மீது விழுகின்றதோ, அவருக்கே பல வேளைகளில் உண்மையான வினா தெரிகின்றது. அவ்வினாவைக் கேளாத சபை, எத்துணைக் கல்வியும் எண்ணிக்கையும் உடையதாயினும், சூதாட்ட மண்டபமாகவே எஞ்சும்.

இலங்கையிலே 1931ஆம் ஆண்டு முதல், டொனமூர் அரசியலமைப்பின்படி, ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. கிரேக்கர் மூடிவைத்த கதவு சட்டத்தினால் திறக்கப்பட்டது. ஆயினும் வாக்குப்பெட்டியோடு தீர்ப்புக்குரிய கடமை முடிந்துவிடுவதில்லை. கோயிற் பரிபாலனக் கூட்டத்திலும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும், பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலும் நாள்தோறும் தீர்ப்புகள் எழுகின்றன. எந்தக் கரைவலைப்பாட்டிலே யார் முந்தி வலை வளைப்பது, பொதுப்பணத்தை எதற்குச் செலவிடுவது, யாருடைய முறைப்பாடு விசாரிக்கப்படாமல் கிடக்கின்றது என்பன சிறிய வினாக்களல்ல. அக்கூட்டங்களிலே மீன் காயவைக்கும் பெண்ணின் குரல் கேட்கப்படுகின்றதா? நமக்கு எதற்கு வம்பு என்று வாய்மூடி இருப்பவர் எத்தனை பேர்? பொதுக் காரியத்திலே பங்கு கொள்ளாதவனை அமைதியானவன் என்று அதென்ஸார் புகழவில்லை, பயனற்றவன் என்றே கருதினர் என்று பெரிக்கிளீஸ் தம் புகழ்பெற்ற உரையிலே கூறினார்.

அடுத்த ஆடியிலும் உடப்பிலே தீ வளர்க்கப்படும். அடியார்கள் அம்மனை நினைந்து தீயில் இறங்குவர். அவர்களை வணங்கி நிற்கும் நாம், அம்மன் சபையிலே கேட்ட வினாவையும் ஒருகால் நினைத்துக்கொள்வோமாக. நம் ஊர்க் கூட்டத்திலே அத்தகைய வினா எழும்போது, அதற்கு விடை சொல்லும் பொறுப்பு அங்கு அமர்ந்திருக்கும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.